குட்டி ஃபைட்டரை மத்த மீன்களோட ஒரே தொட்டியில விடலாமா?

கேள்வி | 3 மே 2024, இரவு 10.12

வணக்கம், மதுரையில இருந்து எழுதறேன். காலேஜ் ரெண்டாம் வருஷம். வீட்ல ரெண்டடி தொட்டி இருக்கு. உள்ள ஆறு நியான் டெட்ரா, நாலு மோலி, ரெண்டு ஏஞ்சல், ஒரு சக்கர். நேத்து ஒரு குட்டி ஃபைட்டர் வாங்கினேன். ஒரு இன்ச்கூட இருக்காது, என்ன கலர்னுகூட இன்னும் சரியா தெரியல. கடைக்காரர் "பெரிசானதை விட்டாத்தான் சண்டை போடும், குட்டியிலயே விட்டா எல்லாத்தோடயும் பழகிடும்"னு சொன்னார். எனக்கும் அது சரின்னுதான் படுது. இப்போ ஜாம் பாட்டில்ல இருக்கு. நாளைக்கு விட்டுடலாமா அண்ணே?

3 மே 2024, இரவு 10.50

விடாதீங்க தம்பி. ஜாம் பாட்டில்லயும் வெச்சிருக்க வேணாம். அஞ்சு லிட்டர், பத்து லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப்பா வீட்ல இருந்தா நல்லா கழுவி, சோப்பு போடாம, அதுக்கு மாத்துங்க. மீதியை காலையில எழுதறேன்.

4 மே, காலை 7.05

"குட்டியிலயே விட்டா பழகிடும்." சென்னை கொளத்தூர் மீன் சந்தையில நான் ஏறி இறங்கின கடையில பாதிக்கு மேல இந்த வார்த்தையைக் கேட்டிருக்கேன். நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் ஒண்ணா வளர்த்தா ஒண்ணாத் தூங்குதே, அந்த நினைப்புலதான் சொல்றாங்க. மீன்ல, அதுவும் ஃபைட்டர்ல, அது நடக்காது.

ஏன்னா, ஆண் மீன் முட்டைக்காகத் தண்ணி மேல கட்டற ஒரே நுரைக்கூட்டுல பொறிச்ச குட்டிங்க நூறோ இருநூறோ ஒரே டப்ல வளரும். முதல் ரெண்டு மாசம் எல்லாம் சேர்ந்தே மேயும். அதுக்கப்புறம், பெரும்பாலும் ரெண்டரை மூணு மாசத்துல, ஆண் மீன்கள் ஒண்ணை ஒண்ணு துரத்த ஆரம்பிக்கும். செவுளை விரிச்சுக் காட்டும், வால் நுனி கிழியும். வளர்ப்புக்காரங்க அந்த வாரத்துலயே ஒவ்வொண்ணாப் பிடிச்சு தனித்தனி பாட்டில்ல போட்டுடுவாங்க. பொறிச்ச நாள்ல இருந்து கூடவே இருந்த தம்பியையே கடிக்கிற மீன், உங்க மோலியோட பழகி என்ன ஆகப்போகுது? அந்தக் கோபம் பழக்கத்துல வர்றதோ போறதோ இல்ல, பருவத்துல வர்றது. தாய்லாந்துல பல தலைமுறையா சண்டைக்குன்னே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம் இது.

நீங்க வாங்கியிருக்கிறது அந்தப் பருவத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கிற மீன். இன்னிக்கு சாதுவா இருக்கிறதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

4 மே, காலை 7.40

ஒண்ணு விட்டுப்போச்சு. மேல எழுதினதைப் படிச்சா உங்க ஃபைட்டர் மத்த மீனை அடிச்சிடும்னு நான் பயப்படற மாதிரி இருக்கு. உங்க தொட்டியைப் பொறுத்தவரை என் பயம் நேர் எதிரானது. அடி வாங்கப்போறது ஃபைட்டர்தான்.

ஏஞ்சல் பார்க்க சாந்தமான மீன். ஆனா அது வளர்ந்தா உள்ளங்கை அளவு வரும், வாய்க்குள்ள போற எதையும் முழுங்கும். உங்க நியானுக்கும் இது பொருந்தும், அதையும் கவனத்துல வெச்சுக்கங்க. மோலி அவசரக்காரி. சக்கர்னு நாம சொல்றது ஒரு அடிக்கு மேல வளர்ற மீன், அதுக்கு ரெண்டடி தொட்டியே பத்தாது. பெரிசானதும் ராத்திரியில மெதுவா நகர்ற மீன் மேல ஒட்டி, உடம்பு மேல இருக்கிற வழவழப்பைச் சுரண்டற பழக்கமும் சிலதுக்கு வந்துடும். வளர்ந்துபோச்சுன்னு கண்மாயில கொண்டுபோய் விட்டுடாதீங்க. கடையில திருப்பிக் குடுங்க, சும்மா குடுத்தாலும் பரவாயில்ல. தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல அது ஏற்கெனவே பெருகி, வலை போடறவங்களுக்குப் பெரிய தொல்லையா இருக்கு.

4 மே, இரவு 9.30

சாப்பாடு பத்தி கேட்டிருந்தீங்க. பொதுத் தொட்டியில குட்டி ஃபைட்டர் தோத்துப்போறது பெரும்பாலும் சண்டையில இல்ல, சாப்பாட்டுலதான்.

அது சாப்பிடறதைக் கிட்ட உக்காந்து பாருங்க. உணவு தண்ணியில விழுந்ததும் ஓடி வராது. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பற மாதிரி முகத்தை நேரா வெச்சு நிக்கும். உடம்பை லேசா எஸ் மாதிரி வளைக்கும். ஒரு நூல் அளவு பின்னாடி போகும். அப்புறம்தான் ஒரே கொத்து. அதுக்கு ரெண்டு மூணு நொடி ஆகும். அந்த நேரத்துக்குள்ள மோலி வந்து அதை முழுங்கிட்டு அடுத்ததைத் தேடிப் போயிருக்கும். குட்டி கொத்தின இடத்துல ஒண்ணும் இருக்காது. இப்படி ஒரு வாரம் போனா வயிறு உள்வாங்கிடும், தலை மட்டும் பெரிசாத் தெரியும். வளர்ற வயசுல காய்ஞ்ச மீன் பின்னாடி எவ்வளவு போட்டாலும் பழைய அளவுக்கு வராது.

குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை, கொஞ்சம் கொஞ்சமா. வயிறு லேசா உருண்டா போதும். பொறிச்ச ஆர்ட்டீமியா, மொய்னா (ரெண்டும் உயிரோட போடற பொடிப்பொடி நீர்ப்பூச்சி) கிடைச்சா அதைவிட நல்லது கிடையாது. கிடைக்கலன்னா ஃபைட்டருக்குன்னு விக்கிற சின்ன குருணையை விரல்ல நசுக்கிப் போடுங்க. கடையில உருண்டையா அள்ளித் தர்ற சிவப்புப் புழு சாக்கடைச் சேத்துல வளர்றது, நோயையும் கூடவே கொண்டுவரும். அதை நான் குட்டிக்குக் குடுக்கறதே இல்ல. கொசுப்புழு அருமையான உணவுதான், ஆனா அதுக்காக வாளியில தண்ணி தேக்கி வைக்காதீங்க. ஒரு நாள் மறந்தா வீட்ல டெங்கு.

5 மே, காலை 6.50

தொட்டி வெச்சு மூணு வாரம்தான் ஆச்சுன்னு இப்பத்தான் சொல்றீங்க. போர் தண்ணி, வடிகட்டியை வாரா வாரம் குழாயடியில நல்லா தேய்ச்சுக் கழுவறீங்க. அப்படின்னா இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

மீன் கழிவுல இருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது அளவோட இருந்தா தாங்கிக்கும். இந்த பாக்டீரியா குடியேறி வேலையை முழுசா எடுத்துக்க நாலுல இருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும். அது குடியிருக்கிறது முக்கியமா வடிகட்டியோட ஸ்பான்ஜ்ல. நீங்க குழாயடியில தேய்ச்சுத் தேய்ச்சு அதையே விரட்டறீங்க. ஸ்பான்ஜை தொட்டியில இருந்து எடுத்த தண்ணியில நாலு தடவை பிழிஞ்சு அலசினா போதும், அதுவும் ஓட்டம் குறைஞ்சா மட்டும்.

மதுரை வெயில்லயும் போர் தண்ணியிலயும் இது இன்னும் முக்கியம். தண்ணியில அமோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும். ஒண்ணு அவ்வளவா பாதிக்காது, இன்னொண்ணு செவுளை எரிச்சிடும். 25 டிகிரி, பிஹெச் 7 இருந்தா அந்த எரிக்கிற வடிவம் நூத்துல ஒரு பங்குகூட வராது. அதே அளவு அமோனியா, தண்ணி மட்டும் 30 டிகிரி, பிஹெச் 8 ஆனா நூத்துல ஏழு பங்குக்கு மேல போயிடும். வெளிநாட்டு வீடியோவுல "கொஞ்சம் அமோனியா இருந்தா பரவாயில்ல"ன்னு சொல்றது நம்ம ஊர் மே மாசத்துக்குப் பொருந்தாது. சொட்டு விட்டு அமோனியா பார்க்கிற டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்குங்க. தொட்டிக்குள்ள வைக்கிற பொம்மையைவிட அது முக்கியம்.

5 மே, காலை 8.15

"ஃபைட்டர் எந்தத் தண்ணியிலயும் வாழும்"னு ஒருத்தர் கீழ எழுதியிருக்கார். அதுக்கு ஒரு விளக்கம். ஃபைட்டருக்கு செவுளுக்கு மேல சுருள் சுருளா ஒரு உறுப்பு இருக்கு. மேல வந்து காத்தைக் குடிச்சு அதுல இருந்து ஆக்சிஜன் எடுத்துக்கும். கரண்ட் போயி காத்து மோட்டார் நின்னா மத்த மீன் திணறும்போதும் ஃபைட்டர் தப்பிச்சுக்கும். ஆனா அந்த உறுப்பு தர்றது மூச்சு மட்டும்தான். அமோனியா வந்தா அதோட செவுளும் எரியத்தான் செய்யும். மத்த மீன் மேல வந்து வாய் பிளக்கிறதை வெச்சு நமக்குத் தண்ணி கெட்டது தெரிஞ்சுடும். ஃபைட்டர் எப்பவுமே மேல வர்ற மீன், அதனால நமக்குத் தெரியறதுக்குள்ள காலம் கடந்துடும்.

அந்த உறுப்பு முட்டையில இருந்து வந்த உடனே இருக்காது, பொறிச்சு சில வாரம் கழிச்சுத்தான் உருவாகும். உங்களோடது அந்தக் கட்டத்தைத் தாண்டின மீன், கவலைப்படாதீங்க.

5 மே, காலை 8.20

ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. அதுல உப்பு ரொம்பக் கம்மி, பிஹெச் நிலையா நிக்காது. மெட்ரோ வாட்டர் வர்ற ஊர்க்காரங்க ஒரு நாள் வாளியில திறந்து வெச்சு, குளோரின் போனப்புறம் ஊத்துங்க.

7 மே, இரவு 10.30

குட்டியோட உடம்புல தலையில இருந்து வால் வரைக்கும் ரெண்டு கறுப்புக் கோடு தெரியுதுன்னு படம் போட்டிருக்கீங்க. நோய் இல்ல. பயந்தா இந்த வயசு மீன் அப்படித்தான் கோடு காட்டும். டப்பா ஹால்ல, டிவி பக்கத்துல இருக்கு பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு மாத்தி, மூணு பக்கமும் காகிதம் ஒட்டுங்க. ஒரு கொத்து வேலம்பாசி போடுங்க.

கூடவே பாதாம் இலை. காசு குடுத்து வாங்க வேணாம், நம்ம தெருவுல குடை மாதிரி அடுக்கடுக்கா நிக்குதே, அதே நாட்டு பாதாம் மரம்தான். தானா பழுத்து உதிர்ந்து காய்ஞ்ச இலையை எடுக்கணும், பச்சை இலை கூடாது. மெயின் ரோட்டுப் புகை படிஞ்சது, மருந்து அடிச்ச தோட்டத்துது வேணாம். நல்லா கழுவிட்டு பாதி இலை போடுங்க. தண்ணி டீ கலர்ல வரும், அழுக்குன்னு நினைச்சு மாத்திடாதீங்க. தாய்லாந்துலயும் வளர்ப்புக்காரங்க காலங்காலமா இதைத்தான் போடறாங்க. ஒரே ஒரு விஷயம், இலை பிஹெச்சைக் குறைக்கும்னு சொல்றது உப்பு குறைஞ்ச மென்தண்ணிக்குத்தான். உங்க போர் தண்ணியில கலர் மட்டும் மாறும், பிஹெச் பெரிசா அசையாது. மீனுக்குப் பழக்கமான இருட்டு கிடைக்குது, அதுக்காகவே போடலாம்.

8 மே, காலை 7.00

நீலச் சொட்டு மருந்தை "முன்னெச்சரிக்கையா" ஊத்தச் சொல்லிக் கடையில குடுத்தாங்களா? பெரிய தொட்டியில ஊத்தாதீங்க. ஸ்பான்ஜ்ல இருக்கிற பாக்டீரியாவையும் செடியையும் சேர்த்துக் கெடுக்கும். நோய் இல்லாத மீனுக்கு மருந்து வேண்டாம்.

12 மே, மாலை 5.45

கோயம்புத்தூர் நண்பர் ஒருத்தர் தனியா எழுதிக் கேட்டார்: "அப்போ ஃபைட்டரை யாரோடயும் விடவே கூடாதா? நீங்களே வெச்சிருக்கீங்களே?" நியாயமான கேள்வி. முதல் நாள் நான் "விடாதீங்க"ன்னு எழுதினது அந்தத் தொட்டிக்கு, அந்த வயசுக்கு. எல்லாருக்கும் எப்பவும்னு எடுத்துக்கக் கூடாது.

என்கிட்ட ஒரு பிளக்காட் ஆண் இருக்கு, குட்டை வால் ரகம். அது ரெண்டடி தொட்டியில ஹார்லிகுவின் ரஸ்போரா கூட்டத்தோடயும் அடியில மேயற கோரிகளோடயும் இருக்கு. ஆனா அது அங்க போனது வளர்ந்தப்புறம், கடைசியா. முதல்ல தனி டப்பாவுல வளர்ந்துச்சு. அதோட குணம் எனக்குத் தெரிஞ்சப்புறம்தான் விட்டேன். இதுக்கு முன்னாடி இருந்த ஹாஃப் மூன் ஒண்ணு, அரைவட்ட வால் ரகம், நத்தை ஊர்ந்தாக்கூட செவுளை விரிச்சுட்டு நிக்கும். அதை யாரோடயும் விடல, கடைசி வரைக்கும் தனியாத்தான் இருந்துச்சு, நல்லாவே இருந்துச்சு. ஃபைட்டர்ல ஒரு மீன் மாதிரி இன்னொரு மீன் இருக்காது. அதனாலதான் குட்டியிலயே விடறது எனக்குப் பிடிக்கல: இன்னும் குணமே வெளிய வராத மீனை நம்பி மத்த மீனோட உயிரையும் அதோட உயிரையும் வைக்கிறோம்.

கூட யாரு இருக்கலாம்னா, சின்னதா, கலர் அதிகமில்லாம, வால் நீளமில்லாம, தண்ணியோட நடுவுலயோ அடியிலயோ இருக்கிற மீன். ரஸ்போரா, எம்பர் டெட்ரா, கோரி, குழிக்குள்ள ஒளியற குஹ்லி லோச். கூட்டமா வாழற மீனைக் கூட்டமாத்தான் வாங்கணும், ஆறு எட்டு இருக்கணும். ரெண்டு மூணு வாங்கினா பயந்துபோயி அதுவே கடிக்க ஆரம்பிக்கும். டைகர் பார்ப், சர்பே டெட்ரா கூடவே கூடாது, ரெண்டும் வாலைக் கடிக்கிற ஜாதி. மேற்குத் தொடர்ச்சி மலையில நம்ம பக்கத்துல கிடைக்கிற பட்டாணி அளவு பஃபர் மீனும் அதே ரகம், அழகுல மயங்கிடாதீங்க. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணி மீன், பேச்சே இல்ல. நீள வாலோட வர்ற ஆண் கப்பியை இன்னொரு ஃபைட்டர்னு நினைச்சு அடிக்கும்.

12 மே, இரவு 9.10

கப்பி பத்தி இன்னும் கொஞ்சம். ஆண் கப்பி கூடாதுங்கறதுல மாற்றம் இல்ல. பெண் கப்பியை இத்தனை நாள் நானும் வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்தேன். யோசிச்சுப் பார்த்தா, நம்ம போர் தண்ணிக்கு டெட்ராவைவிட கப்பிதான் ஒத்துப்போகுது, நியானுக்கு இந்த வெயிலும் கடினமான தண்ணியும் ஆகவே ஆகாது. செடி நிறைய இருக்கிற தொட்டியில, சாதுவான ஃபைட்டரோட, பெண் கப்பி மட்டும் நாலஞ்சு வெச்சுப் பார்க்கலாம். வாங்கும்போதே அது கர்ப்பமா இருக்கும், குட்டி போடும், ஃபைட்டர் அதுல பலதைத் தின்னுடும். அதைப் பார்க்க மனசு கேக்காதுன்னா வேணாம்.

15 மே, இரவு 11.00

தலைப்பை விட்டுக் கொஞ்சம் வெளிய போறேன், பொறுத்துக்கங்க. காத்தைக் குடிக்கிற மீன்னா ஏதோ தாய்லாந்து அதிசயம்னு பேசறோம். நம்ம பனையேறிக் கெண்டை அதே வம்சம்தான், அதே சுருள் உறுப்பு. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க இருந்த காலத்துல டால்டார்ஃப்னு ஒரு லெப்டினன்ட், 1791ல பனைமரத்துல இந்த மீனைப் பிடிச்சதா எழுதினார். அவர் எழுதினது 1797ல லண்டன்ல அச்சாச்சு. மீன் உண்மையிலயே பனை ஏறுமான்னு அதுக்கப்புறம் ரொம்ப காலம் சண்டை போட்டாங்க. மழைக்குத் தரையில செவுள் மூடியை ஊனி ஊனி நகர்ந்து போறதை எங்க ஊர் வயல்ல நானே பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, விரல் நீளம்கூட வராத ஒரு சின்ன மீன், நம்ம கடலோர மாவட்டங்கள்ல வாய்க்கால் ஓரம் புல்லுக்குள்ள இருக்கும். அதுவும் நுரைக்கூடு கட்டும், ஆண் முட்டையைக் காக்கும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆத்து மீனை வெச்சுத்தான் 1831ல பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அதுக்குப் பேர் வெச்சார்: குபானஸ். ஃபைட்டர் மாதிரி மினுக்கு இல்ல, ஆனா குணத்துல எவ்வளவோ சாது. பொதுத் தொட்டிக்கு நுரைக்கூடு கட்டற மீன்தான் வேணும்னு ஆசைப்படறவங்க இதைத் தேடிப் பாருங்க. நம்ம தண்ணிக்கும் வெயிலுக்கும் பிறந்த மீன். இதை யாரும் கண்டுக்காம இருக்கிறது எனக்கு வருத்தம்.

16 மே, காலை 7.20

வயித்துக்கு அடியில வெள்ளைப் புள்ளி தெரியுது, அப்போ பெண்தானேன்னு கேட்டீங்க. இந்த வயசுல சொல்ல முடியாது. சின்ன ஆண்லயும் சிலதுக்கு அது தெரியும். கண்ணாடியைக் காட்டும்போது செவுளுக்குக் கீழ கறுப்புத் தாடி மாதிரி அகலமா இறங்குதான்னு பாருங்க, அது ஆணுக்குத்தான் பெரிசா இருக்கும். அரை நிமிஷம் காட்டினா போதும், விளையாட்டா தினமும் காட்டாதீங்க, மீன் சோர்ந்துடும். பெண்ணா இருந்தாலும் சாதுன்னு அர்த்தம் இல்ல. பெண் ஃபைட்டரும் வெளுத்து வாங்கும்.

10 ஆகஸ்ட், இரவு 9.40

படம் பார்த்தேன் தம்பி. நல்ல நீலம், வயிறு அளவா இருக்கு, துடுப்பு ஒரு கிழிசல் இல்ல. ஏஞ்சலையும் சக்கரையும் கடையில திருப்பிக் குடுத்து, நியான் போனப்புறம் ரஸ்போரா வாங்கினது நல்ல முடிவு. டப்பாவுக்கு வெளிய கோரியைக் கண்ணாடிக் கிளாஸ்ல வெச்சுக் காட்டினப்போ ரெண்டு தடவை பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. முயற்சி பண்ணலாம்.

விடற அன்னிக்கு முதல் வேலை, உள்ள இருக்கிற செடி, கட்டை எல்லாத்தையும் இடம் மாத்துங்க, யாருக்கும் சொந்த மூலைன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. மேல மிதக்கிற செடி கொஞ்சம் கட்டாயம். மோட்டார் வடிகட்டி தண்ணியைப் பீய்ச்சி அடிக்குதுன்னா அந்த வாயில ஒரு ஸ்பான்ஜைக் கட்டுங்க, நீள துடுப்பு மீன் அந்த ஓட்டத்துல நாள் பூரா நீந்த முடியாது. மத்த மீனுக்கு முதல்ல சாப்பாடு போட்டு வயித்தை நிரப்புங்க. டப்பாவோட அரை மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டித் தண்ணியை அப்பப்போ கொஞ்சம் சேர்த்து, அப்புறம் விடுங்க. லைட்டை அணைச்சுடுங்க.

முதல் நாள் ரெண்டு தடவை செவுளை விரிச்சு, கொஞ்ச தூரம் துரத்தி நிறுத்தினா அது சகஜம். ஒரே மீனை மூலைக்கு மூலை விடாம துரத்தினாலும், ஏதாவது ஒண்ணோட வால் கிழிஞ்சாலும், ஃபைட்டர் சாப்பிடாம பின்னாடி ஒளிஞ்சாலும், யோசிக்காம வெளிய எடுங்க. "ரெண்டு நாள் பார்ப்போம்"ங்கற பேச்சே வேணாம். அதுக்காகத்தான் அந்தப் பழைய டப்பாவை எப்பவும் தண்ணியோட தயாரா வெச்சிருக்கச் சொல்றேன். ஆறு மாசம் ஒத்துமையா இருந்துட்டு ஒரு நாள் மாறின மீனும் உண்டு.

10 ஆகஸ்ட், இரவு 9.55

இன்னொண்ணு. படத்துல தொட்டிக்கு மூடி தெரியல. ஃபைட்டர் எகிறிக் குதிக்கும், புது இடத்துல முதல் வாரம் அதிகமாவே குதிக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக் வலையோ போடுங்க, தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல மூணு விரக்கடை காத்து இருக்கணும். மூடி வந்தப்புறம் மீனை விடுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் டப்பாவுலயே இருக்கட்டும்.